ஓடாத டயருக்கும் வயதாகும்

பாகூர்ப் பக்கம் அறுவடை நாளில் நெல் மூட்டை ஏற்றிப் போகும் டயர் வண்டியின் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். தரையைப் பிடிக்கும் வெட்டுவரிகளான பட்டன் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இருக்காது. பக்கச்சுவர் முழுக்க விரிசல். சில இடங்களில் உள்ளே இருக்கும் நூல்கூடத் தெரியும். ஏதோ ஒரு வண்டியில் ஓடித் தேய்ந்து, கழற்றி விற்கப்பட்டு, இங்கே வந்து சேர்ந்த டயர் அது. ஆனாலும் மாடு இழுக்கிறது, வண்டி போகிறது.

அடுத்து, வில்லியனூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அம்பாசடர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா காலத்து வண்டி. விற்க மனம் வரவில்லை. ஆயுத பூஜைக்குக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். கல்யாணம், கோயில் என்று வருஷத்தில் நாலைந்து முறை வெளியே எடுப்பார்கள். டயர் மாற்றிப் பல வருஷம் ஆகியும் பட்டன் ஆழமாக, புதிதுபோல இருக்கிறது.

இந்த இரண்டில் ஆபத்தானது எது என்று கேட்டால் நம் விரல் தானாக வண்டிச் சக்கரத்தைக் காட்டும். ஆனால் பயப்பட வேண்டியது கொட்டகையில் இருக்கும் டயருக்கு.

முதல் காரணம் வேகம். அம்பாசடரின் பழைய டயர் அளவு 5.90-15. அதன் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். கார் மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் சக்கரம் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வோர் இடமும் தரையைத் தொடும்போது ஒருமுறை நசுங்கி, மடங்கி, மறுபடி நிமிர்கிறது. வில்லியனூரிலிருந்து புதுச்சேரிக்குப் பத்து கிலோமீட்டர் என்றால், அதற்குள் ஏறத்தாழ 4,700 முறை. மடங்கும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் ரப்பர் நிமிரும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. மாட்டு வண்டி நடை வேகத்தில் போவதால் அந்தச் சொற்ப வெப்பம் உடனுக்குடன் ஆறிவிடுகிறது. காரில் ஆறுவதற்கு நேரம் இல்லை. காற்றுக் குறைவாக இருந்தால் மடங்கல் கூடும், வெப்பமும் கூடும். வண்டிச் சக்கரத்தின் விரிசலைப் பார்த்துப் பழகிய கண், “விரிசல் விட்ட டயரும் ஓடத்தானே செய்கிறது” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. நடை வேகத்துக்கு அந்தத் தீர்ப்பு சரி. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் நோக்கி இந்தப் பக்கமாகப் போகும் நான்குவழிச் சாலைக்குச் சரிவராது.

இரண்டாவது காரணம் ரப்பரின் வேதியியல். விஷயத்தின் சுவையே அங்கேதான் இருக்கிறது.

முடியாத சமையல்

பாகூர் வட்டத்திலேயே, நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஏரிப்பாக்கத்தில், எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகையிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. பலூனுக்கும் டயருக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு: ரப்பர் மரத்துப் பால்.

அந்தப் பாலில் இருக்கும் ரப்பர் மூலக்கூறுகள் மிக நீளமான சங்கிலிகள். தட்டில் பிழிந்த இடியாப்பம்போல ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஆனால் எங்கும் முடிச்சு இல்லை. அதனால் பச்சை ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும்; குளிரில் விறைத்துவிடும். 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வேறொரு பொருளாகிவிடுவதைக் கண்டார். கந்தக அணுக்கள் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே குறுக்கே பாலம் கட்டுகின்றன. இழுத்தால் சங்கிலிகள் நீள்கின்றன; விட்டால் பாலங்கள் அவற்றைப் பழைய இடத்துக்கே இழுத்து வருகின்றன. வல்கனைசேஷன் எனப்படும் இந்த வேலைதான் டயர் அச்சுக்குள் 150 டிகிரிக்கு மேலான சூட்டில் சில நிமிடங்களில் நடக்கிறது.

அச்சு திறந்து டயர் வெளியே வந்ததும் சமையல் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் அது முடிவதே இல்லை. ஒவ்வொரு முறை சூடேறும்போதும் பாலங்கள் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கின்றன. கூடவே காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. சில சங்கிலிகளை அது அறுக்கிறது. வேறு இடங்களில் புதுப் பாலங்களைக் கட்டுகிறது. பாலம் கூடக் கூட ரப்பர் இறுகும். நீளும் தன்மை குறையும். கட்டைவிரல் நகத்தால் புதிய டயரையும் பழைய டயரையும் அழுத்திப் பார்த்தால் பல நேரம் கைக்கே வித்தியாசம் தெரியும்.

இறுகிய ரப்பருக்குப் பிடிமானம் குறையும். சாலையின் மேல்பரப்பில் ஜல்லியும் தாரும் சேர்ந்து நுண்ணிய மேடுபள்ளங்களை விட்டு வைத்திருக்கின்றன. மென்மையான ரப்பர் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிக் கவ்வுகிறது. இறுகியது மேட்டின் உச்சியை மட்டும் தொட்டுச் சறுக்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சாலையில் பிரேக் பிடிக்கும்போது இந்த வித்தியாசம் வெளியே வரும். பட்டன் ஆழமாக இருப்பதால் தண்ணீர் விலகும். ஆனால் தண்ணீர் விலகிய இடத்தில் பிடிக்க வேண்டிய ரப்பர் பிடிக்காது.

நிற்கும்போது நடப்பது

பக்கச்சுவரில் தெரியும் விரிசலுக்குக் காரணமானவன் வேறொருவன்: ஓசோன். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே வாயுதான். வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து தரைமட்டத்திலும் அதை உருவாக்குகின்றன. காற்றில் அதன் அளவு நூறு கோடியில் சில பத்துப் பங்குதான். ரப்பருக்கு அதுவே போதும்.

ரப்பர் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கார்பன் அணுக்களுக்கு இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. கந்தகம் வந்து பாலம் கட்டுவதற்கு வழி தருவது இந்தப் பிணைப்புதான். ஓசோன் வந்து வெட்டுவதும் இதே பிணைப்பைத்தான். ஒரு பொருளை டயராக்க உதவும் குணமும் அதை அழிக்கும் குணமும் ஒன்றாகவே இருக்கின்றன. ரப்பர் முதுமையடைவது தயாரிப்புக் குறையால் அல்ல. நீட்சிக்குக் கொடுக்கும் விலை அது.

இதில் ஒரு வியப்பு உண்டு. தளர்வாகக் கிடக்கும் ரப்பரில் ஓசோன் பட்டால் மேலே மெல்லிய படலமாக மட்டும் பாதிப்பு நின்றுவிடும், விரிசல் விழாது. இழுபட்டு நிற்கும் ரப்பரில்தான் விரிசல் விழும். அதுவும் இழுவிசைக்குக் குறுக்கே விழும். சங்கிலி அறுந்ததும் இழுவிசை இரு முனைகளையும் விலக்கிவிட, அடியிலுள்ள புதிய ரப்பர் ஓசோனுக்கு முகம் காட்டுகிறது. அது அறுபட, அடுத்தது. விரிசல் உள்ளே இறங்குவது இப்படித்தான். மாதக் கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் காரின் டயர், தரையைத் தொடும் இடத்துக்கு மேலே புடைத்து நிற்கிறதல்லவா? அந்தப் புடைப்பில் ரப்பர் இரவும் பகலும் இழுபட்டே இருக்கிறது. வண்டியை எடுக்கவில்லை, அதனால் டயருக்கு ஓய்வு என்று நினைப்பது தவறு. அந்த ஓர் இடம் ஓய்வே இல்லாமல் வேலை செய்கிறது.

டயர் செய்பவர்களுக்கு இது தெரியும். அதனால் இரண்டு காவலர்களை ரப்பருக்குள்ளேயே வைக்கிறார்கள். ஒன்று மெழுகு, மெல்ல மேலே கசிந்து வந்து ஒரு போர்வையாகப் படியும். இன்னொன்று 6-பிபிடி என்ற வேதிப்பொருள். ரப்பரை ஓசோன் தொடுவதற்கு முன் தான் முந்திப் போய் அதனோடு வினைபுரிந்து தன்னையே செலவழித்துக்கொள்ளும். பழைய டயரின் பக்கச்சுவரில் தெரியும் பழுப்பு நிறம் பல நேரம் இந்தக் காவலனின் சுவடு. அந்தச் செலவழிந்த பொருள் மழைநீரில் கரைந்து ஓடைக்குப் போய் என்ன செய்கிறது என்பதை 2020-இல்தான் உலகம் அறிந்தது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்த புதிருக்கு, 6-பிபிடியும் ஓசோனும் சேர்ந்து பிறந்த ஒரு நஞ்சே காரணம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். டயருக்குள் இருக்கும் காவலனுக்கு இருப்பு அளவானது; தினமும் கரைகிறது; ஒருநாள் தீர்ந்துபோகிறது.

கருப்பு நிறமும் ஒரு காவல்தான். தொடக்க காலக் கார் டயர்கள் வெளுப்பாக இருந்தன. 1910-களில் ரப்பரோடு கார்பன் கரியைக் கலக்கத் தொடங்கியபின் டயர் கருப்பானது. தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. வெயிலின் புற ஊதாக் கதிரும் மேல்தோலோடு நின்றது. இப்படிக் காவலுக்கு மேல் காவல் இருக்கும்போது, டீசல் நனைத்த துணியால் டயரைத் துடைத்துப் பளபளப்பாக்குவது எதிரிக்குக் கதவைத் திறந்து விடும் வேலை. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். காவல் பொருட்களைக் கரைத்து எடுக்கும். போதாததற்கு விரிசலையும் மறைத்துவிடும்.

உள்ளேயிருந்து வரும் முதுமை

விரிசலாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாதது இன்னொன்று. காருக்கு 32 பவுண்டு காற்று அடித்தால் டயருக்குள் ஆக்சிஜனின் அழுத்தம் வெளியே இருப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அந்த அழுத்தம் ஆக்சிஜனை டயரின் உள்தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரப்பருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ரேடியல் டயரில் பட்டனுக்கு அடியே இரண்டு அடுக்காக இரும்புக் கம்பிப் பட்டைகள் ஓடுகின்றன. அவற்றின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய ரப்பர்தான் டயரிலேயே அதிகம் அடிபடும் இடம். ஆக்சிஜன் அங்கே போய் அதை மொறுமொறுப்பாக்குகிறது. ஒருநாள் வேகமாகப் போகும்போது பட்டை ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, பட்டன் தோலோடு உரிந்து வருகிறது.

பழைய அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்கள் பிறந்தபோது இருந்தவை ரேடியல் அல்ல. ட்யூப் போட்ட, நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடும் டயர்கள். நம் ஊர் டயர் கடையில் நைலான் டயர் என்பார்கள். இவற்றில் இரும்புப் பட்டை இல்லை. பட்டை பிரியும் பேச்சும் இல்லை. ஆனால் ஓடும்போது இவை ரேடியலைவிட அதிகம் சூடாகும். விரிசல் வழியே ஈரம் இறங்கினால் நூலுக்கும் ரப்பருக்கும் இடையேயான ஒட்டுதல் போகும். அதற்கும் முந்தைய காலத்துப் பருத்தி நூல் டயர் என்றால் நூலே இற்றுப்போகும். வழி வேறு, முடிவு ஒன்று.

இந்த வினைகள் எல்லாவற்றையும் விரட்டி நடத்துவது வெப்பம். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு கைக்கணக்கு. லண்டனின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 11 டிகிரி. புதுச்சேரியில் 28-ஐ ஒட்டி இருக்கும். இந்தக் கைக்கணக்கை அப்படியே பொருத்தினால் இங்கே டயர் மூன்று மடங்கு வேகத்தில் முதுமையடைய வேண்டும். உண்மையான டயரில் கணக்கு இவ்வளவு நேர்த்தியாக இருக்காது. ஆனால் திசை அதுதான். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் 2002 முதல் 2006 வரையான பதிவுகளைப் பார்த்தது. டெக்சாஸ், கலிஃபோர்னியா, லூசியானா, ஃப்ளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து வெப்ப மாநிலங்களில் இருந்தவர்கள் வாடிக்கையாளர்களில் 27 சதவீதம்தான். டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ 77 சதவீதம் அங்கிருந்தே வந்தன. அவற்றில் 84 சதவீதம் ஆறு வயதைத் தாண்டிய டயர்கள். அதே அமைப்பு அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஓடிய கார்களின் டயர்களைக் கழற்றி வந்து அறுத்துப் பார்த்தது. தரையையே அதிகம் தொடாமல், காற்று நிரப்பி வைக்கப்பட்டிருந்த ஸ்டெப்னி டயர்களின் ரப்பரும் முதுமையடைந்திருந்தது.

பத்தொன்பது வயது டயர்

2012 செப்டம்பர் 10 அன்று இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், ஓர் இசைவிழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றித் திரும்பிய பேருந்து ஹைண்ட்ஹெட் அருகே சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. மூவர் இறந்தார்கள். முன்சக்கரத்தின் டயர் வெடித்ததே காரணம். அந்த டயருக்கு வயது 19-க்கு மேல். இறந்தவர்களில் ஒருவருக்கு 18. பட்டன் ஆழத்தைப் பொறுத்தவரை அது அன்றைய சட்டத்துக்கு உட்பட்ட டயர்தான். மகனை இழந்த தாய் பிரான்சிஸ் மலோய் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் பத்து வயதைத் தாண்டிய டயரை லாரி, பேருந்துகளின் முன் அச்சில் போடக் கூடாது என்று பிரிட்டன் சட்டம் செய்தது. ஆனால் வணிகத்துக்குப் பயன்படாத, 40 ஆண்டு கடந்த பழைய வண்டிகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. அங்கே பொறுப்பு உரிமையாளர் தலையில்தான்.

2013 நவம்பர் 30 அன்று, ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படங்களில் நடித்த பால் வாக்கர் கலிஃபோர்னியாவில் இறந்தபோது அவர் அமர்ந்திருந்த போர்ஷே கரேரா ஜிடி கார் அதிகம் ஓடாத, சேகரிப்பாளர் ஒருவரின் வண்டி. விபத்துக்குக் காரணம் மிதமிஞ்சிய வேகம் என்றது காவல்துறை. ஒன்பது வயதான டயர்கள் வண்டியின் கட்டுப்பாட்டைக் குறைத்திருக்கலாம் என்றும் அது குறிப்பிட்டது.

நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-ஆவது விதி டயரின் நிலையைப் பற்றியது. கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. தேய்மானத்தை அளக்கும் அளவுகோல் இது. தினம் ஓடும் வண்டிக்குப் பொருத்தமானது. ஓடாத வண்டி இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மூல வடிவில் பேணப்பட்ட கார்களும் இருசக்கர வாகனங்களும் ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட எண் பலகை பெறலாம். கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே அவற்றைச் சாலைக்கு எடுக்கலாம். குறைவாக ஓடுவதே சட்டப்படியான கடமையாகிவிட்ட வண்டி அது. அதன் டயர் ஒருபோதும் தேய்ந்து சாகாது, வயதாகித்தான் சாகும்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அசல் பாகங்கள் மீது தீராத மோகம் உண்டு. அதே ஸ்டீயரிங், அதே மீட்டர், அதே ஹாரன் என்றால் மதிப்பு கூடும். “டயர்கூட கம்பெனியிலிருந்து வந்ததுதான்” என்று சொல்வதில் ஒரு பெருமை. இரும்பும் கண்ணாடியும் தேக்கும் அந்தப் பெருமைக்குத் தகுதியானவை. ரப்பர் அப்படியல்ல. மூல டயரைக் காட்சிக்கு வைக்கலாம். அதில் ஆளை ஏற்றிக் கொண்டுபோகக் கூடாது. பழைய அளவிலும் பழைய வடிவத்திலும் புதிய ரப்பரால் டயர் செய்து தரும் நிறுவனங்கள் வெளிநாடுகளில் இருப்பதே இதற்காகத்தான்.

நான்கு இலக்கங்கள்

டயரின் வயதை அறிய நிபுணர் தேவையில்லை. பக்கச்சுவரில் எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட். ஒரு பக்கம் முழு வரிசை இல்லாவிட்டால் மறுபக்கம் பார்க்க வேண்டும்; அது காரின் அடிப்பக்கம் பார்த்துக்கூட இருக்கலாம். நான்குக்குப் பதில் மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர். மேலே யோசிக்க ஒன்றுமில்லை, கழற்றிவிடலாம். கடையில் புதிதாக வாங்கும்போதும் இதைப் பார்ப்பது நல்லது. கிடங்கில் பல ஆண்டு கிடந்த டயரும் ‘புதுசு’தான்.

எத்தனை வயது வரை? பல கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டு என்கின்றன. மிஷெலின் போன்ற டயர் நிறுவனங்கள் ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கின்றன. நன்றாகத் தெரிந்தாலும் பத்தாவது ஆண்டில் மாற்றிவிடச் சொல்கின்றன. வெப்பத்தைப் பற்றி மேலே பார்த்ததை வைத்துச் சொன்னால், நம் கடலோரச் சமவெளியில் பத்துக்குக் காத்திராமல் ஆறை ஒட்டியே முடிவெடுப்பது விவேகம்.

அதுவரை டயரை இளமையாக வைக்க வழிகள் எளியவை. நீண்ட நாள் நிறுத்துவதானால் ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினால் பக்கச்சுவரின் இழுபாடு குறையும். முடியாவிட்டால் வாரம் ஒருமுறை வண்டியைச் சிறிது நகர்த்திச் சக்கரத்தின் வேறு பக்கம் தரையில் படும்படி செய்யலாம். காற்றைச் சரியாக வைத்திருக்க வேண்டும். வெயில் நேராகப் படக் கூடாது. வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது; வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் ஓசோனும் பிறக்கிறது. கழுவுவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

இவ்வளவையும் செய்து, நான்கு சக்கரத்துக்கும் புது டயர் வாங்கிப் போட்ட பிறகும் ஒரு டயர் மிச்சம் இருக்கும். டிக்கிக்குள், வெளிச்சமே படாமல், வெயிலில் நின்ற காரின் முழுச் சூட்டையும் வாங்கிக்கொண்டு கிடக்கும் ஸ்டெப்னி. ஒரு காரில் பெரும்பாலும் மிக வயதான டயர் அதுதான். நடுவழியில், அவசரத்தில், எண்ணைப் பார்க்க நேரமில்லாத இரவில் நாம் எடுத்து மாட்டுவதும் அதைத்தான். நான்கு இலக்கத்தைத் தேடத் தொடங்குபவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.